நாலு வாசல் குடில்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் டீச்சர் வருவார். விலக்கிவிட அல்ல. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். கூந்தலைப் பிடித்தவர்கள் அதை விட்டுவிட்டு மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, "இதுக்குப் பேருதான் மைக்ரோகாஸம், குட்டி உலகம்" என்பார். உலகத்தில் எண்ணெய்க்கும் எல்லைக்கும் நடக்கிற சண்டையெல்லாம் இந்த லாரிக்குப் பின்னாலேயே நடந்து முடிந்துவிட்டதால் யாரும் இனிமேல் செய்தி பார்க்க வேண்டியதில்லை என்று விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் லாரி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். உலகத்தைப் புரிந்துகொண்ட கையோடு காலிக் குடத்துடன் வீட்டுக்குத் திரும்புவார். என் மனைவி பாக்கியம்தான் இரண்டு குடம் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாள்.

சிவகாசியின் ஓரத்தில் இருந்த எங்கள் தெருவில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் டீச்சர். முதுகுக்குப் பின்னால் 'காஸ்மாஸ் டீச்சர்'. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தார். மகள் எங்கோ வெளிநாட்டில் நர்ஸ். எனக்கு ஆஃப்செட் பிரஸ்ஸில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிற வேலை. மயிலுக்கும் கிளிக்கும் கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுத்துக்கொண்டிருப்பேன். அவர் பார்வையில் நானும் ஏதோ ஒன்றின் மைக்ரோகாஸம்தான். எதனுடையது என்று கேட்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் தெருவில் பியூட்டி பார்லர் ஒன்று திறந்தார்கள். ரிப்பன் வெட்ட வார்டு உறுப்பினரைக் கூப்பிட்டார்கள். வாழ்த்திப் பேச டீச்சரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றால் மற்றவர்கள் இருபது வார்த்தை பேசுவார்கள். டீச்சர் ஒரே வார்த்தையைத்தான் பேசினார், அரை மணி நேரம்.

"மைக்ரோஸ்னா கிரேக்கத்துல சின்னது. காஸ்மாஸ்னா உலகம். ஆனா உலகம்ங்கிற அர்த்தம் பின்னாடி வந்ததுதான். முதல்ல அதுக்கு ஒழுங்குன்னு அர்த்தம். எது எங்கன இருக்கணுமோ அது அங்கன இருக்கிறது. அப்படி இருந்தா அழகா இருக்கும்ல, அதனால அலங்காரம்னும் ஒரு அர்த்தம். நீங்க மூஞ்சில பூசுற காஸ்மெட்டிக்ஸும் அந்த வீட்டுப் பிள்ளைதான். எல்லாம் அதது இடத்துல இருந்தா அதுக்குப் பேரு உலகம். இல்லாட்டி அதுக்குப் பேரு கோடவுன்."

கூட்டத்தில் பாதிப் பேர் போண்டா எடுக்கப் போயிருந்தார்கள். பார்லர்காரப் பெண்ணுக்கு மட்டும் விஷயம் சட்டென்று பிடிபட்டது. மறுவாரமே பழைய போர்டைக் கழற்றிவிட்டு 'காஸ்மாஸ் பியூட்டி பார்லர்' என்று மாட்டிவிட்டாள். டீச்சரின் பேச்சால் உலகத்தில் ஏற்பட்ட முதல் மாற்றம் அதுதான் என்று அன்று நான் பாக்கியத்திடம் கிண்டலடித்தேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. அதைக் கிண்டலடிக்க எனக்கு வாய் வந்ததில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தூரத்தில் சத்தம் கேட்டால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பு வாசலில் போய் நின்றுகொள்வாராம். எந்தப் பக்கம் சத்தம், நாரணாபுரமா, ஏழாயிரம்பண்ணையா என்று பிள்ளைகள் உள்ளே கிசுகிசுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவும் எந்த வெடி யூனிட்டில் வேலை செய்கிறாள் என்பது டீச்சருக்கு மனப்பாடம். ஆபீஸிலிருந்து யாராவது வந்து ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று வராந்தாவையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். சில நாள் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சரே நடந்து போயிருக்கிறார். இதெல்லாம் பிள்ளைகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

டீச்சரின் முழு அட்டகாசத்தையும் பார்க்க டிசம்பர் வரவேண்டும். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் குடில் வைப்பார்கள். மாட்டுக்கொட்டில், மாதா, சூசையப்பர், குழந்தை, நாலு ஆடு, வாலோடு மின்னும் ஒரு நட்சத்திரம். கடையில் செட்டாகவே கிடைக்கும். டீச்சருக்குக் கடைச்சரக்கு ஆகாது. கோடையில் ஆனைக்குட்டம் அணை வற்றும்போதே களிமண் எடுத்துவந்து சேர்த்து வைத்துக்கொள்வார். பிரஸ்ஸில் கழிவாகப் போன லேபிள் தாளை நான் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதைக் கசக்கிப் பசை தடவி மலையாக்குவார். பெத்லகேம் மலைக்குள் எட்டிப் பார்த்தால் என்னுடைய மயில்கள் தெரியும்.

"குடில்னா குடிசை. சரிதானா?" என்பார். "ஆனா மலை, ஆறு, அரண்மனை, சந்தை எல்லாத்தையும் வச்சுட்டு மொத்தத்துக்கும் குடில்னுதான சொல்றோம்? ஒரு உலகத்துக்கே மாட்டுக்கொட்டாயோட பேர வச்சது நம்ம ஆளுகதான். கிரேக்கனுக்குக்கூட இது தோணல தம்பி."

அந்த உலகத்தில் எங்கள் தெரு அப்படியே இருக்கும். உள்ளதை உள்ளபடிதான் வைப்பார், ஒரு இம்மி கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். அதுதான் அவரிடம் எல்லோருக்கும் பிடித்ததும் பிடிக்காததும். தண்ணீர் லாரி உண்டு. அதன் பின்னால் கூந்தல் சண்டை உண்டு. ரேஷன் கடை உண்டு, பூட்டிய கதவுடன். வார்டு உறுப்பினர் ஒரு தடவை தானாகவே வந்து, மூன்று ராஜாக்களில் ஒருவராகத் தன்னை வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அவருக்கு ஒரு குட்டி பிளெக்ஸ் பேனர் செய்து முச்சந்தியில் நட்டுவிட்டார். பேனரில் அவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். "ஆளு எங்க டீச்சர்?" என்று கேட்டதற்கு, "நம்ம தெருவுல நீங்க அப்படித்தான இருக்கீக?" என்று சொல்லிவிட்டார். என்னையும் விடவில்லை, தொழுவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போன் பார்க்கிற பொம்மை நான்தான். பச்சைப் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது மன்னனின் அரண்மனை யார் வீடு மாதிரி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கேட்டில் இரண்டு சிங்கம் இருந்தது. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரும் வெடி யூனிட் முதலாளியுமான அண்ணாச்சி பார்த்துவிட்டு, "நம்ம வீடு மாதிரியே இருக்கே" என்று பூரித்துப்போனார்.

ஒன்று மட்டும் யாருக்கும் புரியாமல் இருந்தது. டீச்சரின் மாட்டுக்கொட்டிலுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். வெடி யூனிட்டில் மருந்து ரூமுக்கு அப்படித்தான் கட்டுவார்கள். மருந்து என்றால் நோய்க்கு அல்ல, வெடிக்குள் போகிற கலவை. ரூமுக்கு நாலு வாசல், நாலு பேர், தள்ளித்தள்ளி ரூம் என்பது சட்டம். பெத்லகேமுக்கு எதற்கு அந்தச் சட்டம் என்று ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன்.

"உள்ள பச்சப்பிள்ள இருக்குல்ல தம்பி?" என்றார் டீச்சர்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தடவை குடிலில் புதிதாக ஒரு யூனிட் வந்திருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அண்ணாச்சிக்கு இருந்த யூனிட். பாக்கியமும் தெருவில் பாதிப் பெண்களும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். டீச்சர் வழக்கம்போலப் பாக்கியத்திடம் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கியிருக்கிறார். மருந்து ரூமில் கூலி கூட. அதனால் ஆர்டர் நெருக்கும்போது பத்துப் பன்னிரண்டு பேரை உள்ளே உட்காரச் சொன்னாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். இடம் போதாமல் பெட்டிகளை இரண்டு வாசலில் அடுக்கி வைத்துவிடுவார்கள். அதெல்லாம் அப்படியே குடிலில் இருந்தது. தீப்பெட்டி அளவு ரூமுக்குள் பொம்மைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் எங்கள் பெண்கள் வேலைக்குப் போவார்கள். பச்சைக் கட்டம் போட்ட சட்டை பாக்கியத்தினுடையது. என் பழைய சட்டைதான் அது. அந்தப் பொம்மையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாசலில் அடுக்கியிருந்த குட்டிப் பெட்டிகளைப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. அதுவரை அவள் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் எங்கள் ஊர்ச் சர்ச் பங்கில் வீட்டுக் குடில்களுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். முதல் பரிசு குக்கர், உபயம் அண்ணாச்சி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஃபாதரோடு சேர்ந்து பார்வையிட வருகிற சிறப்பு விருந்தினர், வெடி யூனிட்டுகளை ஆய்வு செய்கிற ஓர் அதிகாரி. ஆய்வுக்கு அவர் வருகிற நாள், அவருக்கு முன்னாலேயே யூனிட்டுகளுக்குத் தெரிந்துவிடும். அன்று மட்டும் ரூமில் நாலு பேர் இருப்பார்கள். ஆக அவர் வாழ்நாளில் பார்த்த எல்லா ரூமிலும் நாலு பேர்தான். நிம்மதியாகத் தூங்குகிற மனிதர்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கேக் டப்பாவோடு அண்ணாச்சி வந்தார். குனிந்து பார்த்தார்.

"டீச்சரம்மா, இது நம்ம யூனிட்டுல்ல?"

"ஆமா அண்ணாச்சி."

"அச்சு அசல் அப்படியே இருக்கு. ஆனா ரூமுக்குள்ள இம்புட்டுப் பேரு எதுக்கு? நாலு பேருன்னுதான சட்டம்?"

"சட்டத்தக் களிமண்ணுல செய்ய வரல அண்ணாச்சி. கண்ணுல படுறதத்தான் செய்ய வருது."

அண்ணாச்சி சிரித்தார். கோபம் வந்தால் அவர் சிரிப்பார். "பொம்மைதான. எடுத்துருங்க, பாக்க அழகா இருக்கும். காஸ்மாஸ்னா அலங்காரம்னு நீங்கதான பார்லர்ல பேசுனீக?"

"அதுக்கு முந்தி ஒழுங்குன்னும் சொன்னேன். நீங்க போண்டா எடுக்கப் போயிட்டீக."

அண்ணாச்சி கேக் டப்பாவை மேசையில் வைத்தார். வெளியே வந்து, வாசலில் நின்ற பெண்களிடம் சாவகாசமாகச் சொன்னார்: "நாளைக்கு ஆபீசர் பாத்தார்னா யூனிட்டப் பூட்டிருவாக. எனக்கு ஒண்ணுமில்ல தாயி, வேற தொழில் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

யாரைக் காப்பாற்ற வேண்டுமென்று டீச்சர் பொம்மை செய்தாரோ அவர்களே அடுத்த கால் மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். நான் படித்தவனாம், பேசத் தெரியுமாம். மயில் வரைகிறவனைத் தூது அனுப்பினார்கள். பாக்கியமும் கூட வந்தாள்.

"வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றார் டீச்சர். நான் சாப்பிட்டதைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாக்கியம் பொறுமை இழந்து குறுக்கே வந்தாள்.

"டீச்சர், அந்த ரூம்ல நாலு பேர வச்சுட்டு மத்தவளுகள எடுத்துருங்க. என்னையும் எடுத்துருங்க."

"எடுத்து எங்கன வைக்க?"

"ஏதாவது பெட்டியில போட்டு மூடி வைங்க."

"உங்களப் பெட்டியில போடச் சொல்றியா பாக்கியம்?"

பாக்கியம் குனிந்து பச்சைக் கட்டச் சட்டைப் பொம்மையைப் பார்த்தாள். குடிலின் சீரியல் விளக்கு அதன் மேல் மாறி மாறி எரிந்தது.

"எங்களுக்கும் பயந்தான் டீச்சர்," என்றாள் பாக்கியம். "தினமும் எந்த வாசல் தொறந்திருக்குன்னு பாத்துட்டுத்தான் ரூமுக்குள்ள உக்காருறோம். ஆனா யூனிட்டப் பூட்டிட்டா நாங்க எங்க போவோம்? நீங்க பாட்டுக்குப் பொம்மைய வச்சுட்டீக."

டீச்சர் முகம் வாடிப்போனது. அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஏதாவது கிரேக்கத்தில் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சரி, போங்க. காலையில இருக்காது," என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது.

காலையில் ஃபாதரும் அதிகாரியும் அண்ணாச்சியும் வந்தார்கள். தெருவே பின்னால் நின்றது. மருந்து ரூமில் நாலு பொம்மைகள். வாசலை அடைத்திருந்த பெட்டிகள் இல்லை. நாலு வாசலும் பளிச்சென்று திறந்து கிடந்தன. மீதிப் பொம்மைகளை டீச்சர் பெட்டியில் போட்டிருக்கவில்லை. ஆம்பளைச் சட்டையும் சேலையுமாக அத்தனை பேரும் மாட்டுக்கொட்டிலுக்குள் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இடையர்களும் ராஜாக்களும் இடமில்லாமல் வெளியே நின்றார்கள்.

அதிகாரிக்கு யூனிட் மிகவும் பிடித்துவிட்டது. "விதிமுறைப்படி கரெக்டா பண்ணியிருக்கீங்க," என்று பாராட்டினார். "இந்த லேடீஸ் ஏன் இங்க இருக்காங்க?"

"அங்க ரூம்ல இடமில்லன்னு சொல்லிட்டாக சார்," என்றார் டீச்சர்.

"அருமை, அருமை," என்றார் அதிகாரி. ஃபாதர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சத்திரத்தில் இடமில்லாமல் தொழுவத்துக்குப் போனவர்களைப் பற்றி இரண்டு நாள் முன்புதான் பிரசங்கம் வைத்திருந்தார். பாவம், அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சிக்குப் புரியவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதிகாரி அவர் தோளில் கைபோட்டு, "இதே மாதிரி உங்க யூனிட்டையும் ஒரு நாள் சொல்லாம வந்து பாக்கணும் சார்," என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி அன்று மிக நன்றாகச் சிரித்தார். குக்கர் டீச்சருக்கே கிடைத்தது.

குடிலை ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை கலைக்க மாட்டார்கள். அதுவரை யூனிட் பெண்கள் தினமும் வேனை விட்டு இறங்கியதும் டீச்சர் வீட்டுக்குப் போய்த் தங்கள் பொம்மையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். குழந்தைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சண்டைகூட வந்தது. ஒரு நாள் ஃபோர்மேன் எல்லோரையும் மருந்து ரூமுக்குள் போகச் சொன்னபோது, நாலு பேர் போனதும் ஐந்தாவதாக நின்ற பாக்கியம், "உள்ள இடமில்ல அண்ணே, டீச்சரே எங்கள வெளிய எடுத்துட்டாக," என்று சொல்லிவிட்டுப் பேக்கிங் ஷெட்டில் போய் லேபிள் ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போனார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு கிண்டல் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மருந்து ரூம் கூலி எல்லோருக்கும் கிடைக்க முறை வைத்துக்கொண்டார்கள். இன்று நாலு பேர், நாளை வேறு நாலு பேர். அதிகாரி எந்த நேரம் வந்து நிற்பாரோ என்ற பயத்தில் அண்ணாச்சியும் வாயைத் திறக்கவில்லை. அந்த அதிகாரி கடைசிவரை வரவே இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் பிரஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம். அன்று பாக்கியத்தின் முறை. வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வழியில் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, வெயிலில் டீச்சர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கை முழுக்கச் சாக்பீஸ் மாவு. என்னைப் பார்த்ததும் ரோட்டை விட்டு விலகி வழிவிட்டார். நான் நிற்கவில்லை.

ரூமுக்குக் கூரை இல்லை, ஒரு சுவரும் இல்லை. வேப்ப மரத்தடியில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு கை முழங்கை வரை கருகியிருந்தது. மற்ற மூவருக்கும் கையிலும் காலிலும் காயம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூவரும் பிறகு பிழைத்து வீடு வந்தார்கள். நான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

"ஆளுக்கொரு வாசல் இருந்துச்சு," என்றாள்.

அண்ணாச்சி மைக்குகளுக்கு முன்னால், தன் யூனிட்டில் எப்போதும் ரூமுக்கு நாலு பேர்தான், பாதுகாப்புதான் தனக்கு முக்கியம் என்று பேட்டி கொடுத்தார். நாலு பேர் என்ற கணக்கு மட்டும் அன்று உண்மையாக இருந்தது.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்றாள் பாக்கியம். டீச்சர் அவளைப் பார்த்ததும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் கருகிய சட்டையைத் தொட்டுப் பார்த்தார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"தம்பி, அந்த வார்த்தைய எல்லா இடத்துலயும் தப்பாவே சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்," என்றார் பிறகு. "மைக்ரோகாஸம்னு ஆதியில ஊரையோ தெருவையோ சொல்லல. ஒரு ஆளத்தான் சொன்னாக. பெரிய உலகத்துல என்னென்ன இருக்கோ அம்புட்டும் ஒரு மனுசிக்குள்ள இருக்குன்னு. ஒரு ஆளுன்னா ஒரு உலகம்."

பாக்கியம் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப ரூமுக்கு நாலு உலகந்தானா டீச்சர்?"

டீச்சர் அழுகையோடு சிரித்துவிட்டார். "அதுக்கு மேல கூடாது தாயி," என்றார்.

அடுத்த வருஷம் டீச்சர் பணி ஓய்வு பெற்று மகளிடம் போய்விட்டார். போகும்போது அவரவர் பொம்மையை அவரவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வார்டு உறுப்பினரின் பேனர் யாரிடம் போனது என்று தெரியவில்லை. என்னுடைய பொம்மை எங்கள் வீட்டு டிவி மேல் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போன் பார்க்கிறது. பக்கத்தில் பச்சைச் சட்டைக்காரி.

யூனிட்டில் ரூமைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். புதிய ஃபோர்மேன், புதிய ஆர்டர், பழைய அவசரம். பாக்கியம் இப்போதும் அங்கேதான் போகிறாள். தினமும் காலையில் வேன் ஹார்ன் அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடுவாள். முன்பெல்லாம் போய்ட்டு வாரேன் என்று சொல்வாள். இப்போது அதைச் சொல்வதில்லை. டிவி பக்கம் ஒரு தடவை பார்ப்பாள், பிறகு என்னைப் பார்த்து, "நாலு பேருதான்," என்று சொல்லிவிட்டுப் போவாள்.